இரண்டாவது கிளட்ச்

பூங்கொடிக்கு மூச்சு வாங்கவில்லை. அப்போதே அவளுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

நாமக்கல்லில் இரண்டாம் மாடியில் இருக்கும் வங்கிக்கு ஏறினாலே பாதிப்படியில் நின்று, யாருக்கோ போன் செய்வதுபோல் பாவனை பண்ணி மூச்சை ஆற்றிக்கொள்கிறவள் அவள். பெயர்தான் பூங்கொடி, ஆள் நல்ல அடிமரம். அப்படிப்பட்டவள் ஐம்பத்திரண்டாவது வயதில், மேகங்களைக் குனிந்து பார்க்கிற உயரத்தில், மனாஸ்லு மலையின் பனிச்சரிவில் பழைய பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தாள்.

"மேடம், மெதுவாப் போலாமுங்க. மலை எங்கயும் ஓடிப் போயிராதுங்க," என்றான் முன்னால் போன லக்பா.

லக்பா அந்த மலையின் அடிவாரத்து ஊர்க்காரன். வாலிபத்தில் திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் சில வருடம் துணி வெட்டிக்கொண்டிருந்தவன். 'ங்க' போடாமல் அவனுக்கு ஒரு வாக்கியம் முடியாது. அதனால்தான் மலையேற்ற நிறுவனம் அவனை இவளுக்கு வழிகாட்டியாகப் போட்டிருந்தது.

அவள் களைக்காமல் ஏறியதற்குக் காரணம் மார்பைச் சுற்றிக் கட்டியிருந்த சிவப்புப் பட்டை. அடிவார முகாமில் அதை அவள் கையில் கொடுத்தவன் நிரஞ்சன். சென்னைப் பையன், நிறுவனத்தின் கருவிகளுக்கெல்லாம் அவன்தான் பொறுப்பு.

"களைப்புங்கறது கால்ல இல்ல மேடம், மூளையில. உடம்பு இன்னும் ரொம்ப தூரம் போகும். ஆனா மூளை முன்னாடியே மணி அடிச்சு உட்காருன்னு சொல்லிடும். மூச்சு முட்டுறது, வலி எல்லாமே அந்த மணிதான். இந்தப் பட்டை அதை நரம்புலயே பிடிச்சுடும். உங்களுக்குக் கேக்காது."

"புடிச்சு என்ன பண்ணும்?"

"பெட்டிக்கு அனுப்பிடும்," என்று ஒரு சின்னக் கறுப்புப் பெட்டியைக் காட்டினான்.

"அத வெச்சுக்கிட்டுப் பெட்டி என்ன பண்ணும்?"

"அது டெக்னிக்கல் மேடம்."

டெக்னிக்கல் என்று ஒருவர் சொல்லிவிட்டால் அதற்குமேல் கேட்பது மரியாதையில்லை என்று நம் ஊரில் ஒரு வழக்கம் இருக்கிறது. பூங்கொடியும் கேட்கவில்லை. லக்பா தன் சட்டைக்குள் ஒரு நீலப் பட்டை கட்டிக்கொண்டதைப் பார்த்தாள். பாதுகாப்புக்கு என்றார்கள். சரி என்று விட்டுவிட்டாள்.

அவளுக்கு உச்சிக்குப் போக வேண்டும், அவ்வளவுதான். முப்பது வருடமாக நாமக்கல்லில் பூங்கொடி டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாள். பெண்களுக்கு மட்டும். டிரைவிங் ஸ்கூல் காரில் இடது பக்கத்து இருக்கையின் காலடியிலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. ஓட்டுகிற பெண் தடுமாறும்போதெல்லாம் பூங்கொடியின் கால் சத்தமில்லாமல் அதை மிதிக்கும். கொல்லிமலை வளைவுகளை முதல் தடவை ஏறி முடித்த பெண்கள் முகமெல்லாம் பல்லாக, "நானே ஓட்டிட்டேன் மேடம்" என்பார்கள். "ஆமாங்கண்ணு, நீதான் ஓட்டின" என்பாள் இவள். அந்தச் சந்தோஷத்தில் கை வைக்க அவளுக்கு மனசு வந்ததில்லை. இடது முட்டி தேய்ந்ததுதான் மிச்சம். ஒரே ஒரு தடவை, வேறு யாருடைய காலும் பெடலில் இல்லாமல், தானே எங்காவது போய்ச் சேர வேண்டும் என்பது அவளுக்கு வெளியே சொல்லாத ஏக்கம். கொல்லிமலைக்கே போய்விட்டு வா என்றார் கணவர். அங்கே பஸ் போகிறது என்று சொல்லிவிட்டு இங்கே வந்துவிட்டாள்.

வந்த இடத்தில் ஒரே குறை சாப்பாடு. அடிவார முகாமில் வாடிக்கையாளர்களுக்கு வெள்ளை விரிப்புப் போட்ட தனிக் கூடாரம். அதில் தினமும் பாஸ்தாவும் சூப்பும். பக்கத்திலேயே சமையல் கூடாரத்தில் வழிகாட்டிகள் ஒரே பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்து பருப்பும் சோறும் பிசைந்து தின்றுகொண்டு சிரிப்பார்கள். தாளித்த வாசனை அவளை வந்து இழுக்கும். ஒரு நாள் எட்டிப் பார்த்தாள். சமையற்காரர் ஃபூர்பா பெரிய கும்பிடாகப் போட்டு அவளைப் பாஸ்தாவிடமே திருப்பி அனுப்பிவிட்டார். வாடிக்கையாளர் அந்தப் பெஞ்சில் உட்காரும் வழக்கம் கிடையாது.

மூன்றாம் முகாம் கண்ணுக்குத் தெரிந்தபோது சரிவு கொஞ்சம் கீழே இறங்கியது. லக்பா முன்னால் இறங்கினான். உடம்பை ஒருக்களித்து, இடது தொடையில் கையை ஊன்றி, இடுப்பை ஒரு தூக்குத் தூக்கிக் காலை வைத்தான். இந்த நடையை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று பூங்கொடி யோசித்தாள். கல்யாண வீடியோக்களில் பார்த்திருந்தாள். அது அவளுடைய நடை.

மூன்றாம் முகாமில் அவள் கூடாரத்துக்குள் போய் உட்கார்ந்து, லக்பா முதுகைக் காட்டிக்கொண்டு டீ ஊற்றும் நேரம் பார்த்து, இடது முட்டியை மெல்ல முழுதாக மடக்கினாள். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. லக்பாவின் கை டீயை விட்டுவிட்டுத் தன் இடது முட்டிக்குப் போனது. நீட்டினாள், கை திரும்ப டீக்கு வந்தது. மறுபடி மடக்கினாள்.

"மேடம், அந்த முட்டியக் கொஞ்சம் சும்மா வெச்சிருங்க," என்றான் திரும்பாமலே.

பூங்கொடிக்குச் சுரீரென்றது. "அப்ப பெட்டின்னு சொன்னாங்களே?"

"பெட்டி வெறும் பேட்டரிங்க."

"என்ற வலி பூராவும் உனக்கா வருது?"

"வலி, களைப்பு, மூச்சு முட்டறது, எல்லாமுங்க. நேத்து உங்களுக்குப் பசிச்சதுகூடத் தெரிஞ்சுதுங்க."

"அட கெரகமே. ஏனப்பா இதுக்கு ஒத்துக்கிட்ட?"

லக்பா டீயை அவள் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்தான். கோபமெல்லாம் இல்லை அவனுக்கு. "முன்னாடியெல்லாம் வர்றவங்க முடியலைன்னு சொல்லவே மாட்டாங்க. வீம்புக்கு ஏறி, மேல போயி விழுந்துருவாங்க. எங்கப்பா காலத்துல அவங்களத் தூக்கப் போயி எங்காளுங்களும் செத்தாங்க. இப்ப எனக்கே தெரியுதுங்களே. முடியலைன்னா நான் திருப்பிக் கூட்டியாந்துருவேன். சாவு கொறஞ்சிருச்சு. அது நெசமுங்க."

"வீட்டுக்குப் போனா சரியாயிருமா?"

"கொஞ்சம் தங்கிருமுங்க. ஒரு ஜெர்மன்காரரோட முதுகு ஆறு மாசம் எங்கிட்ட இருந்துச்சு. நல்ல மனுசன், ஆனா மோசமான முதுகுங்க. எம் பொண்டாட்டி தைலம் தேச்சு தேச்சு அவரத்தான் திட்டுவா."

பூங்கொடிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. "மேல எத்தன தடவ போயிருக்க?"

"பதினோரு தடவைங்க. ஒரு தடவகூடப் பாத்ததில்லைங்க."

"அதென்ன அது?"

"ரெண்டு பேர் களைப்போட போயி நிக்கறப்ப கண்ணு இருட்டிக்குமுங்க. அவங்க போட்டோ எடுப்பாங்க. நான் என்ற காலையே பாத்துட்டு, எப்படா எறங்குவாங்கன்னு நின்னுட்டிருப்பேன்."

அவ்வளவு நாள் இடது இருக்கையில் உட்கார்ந்தவளை, கேட்காமலேயே தூக்கி வலது இருக்கையில் வைத்திருக்கிறார்கள். பெடலில் இன்னொருத்தன் கால். நானே ஏறிட்டேன் என்று ஊரில் போய்ச் சொல்லியிருப்பாள். நினைக்க நினைக்க உடம்பு கூசியது. டீயை வைத்துவிட்டுச் சிவப்புப் பட்டையை அவிழ்த்து எறிந்தாள்.

அவிழ்த்த மறுநிமிடம் மலை முழுவதும் அவள்மேல் வந்து உட்கார்ந்தது. அப்படியே மல்லாந்துவிட்டாள்.

வாக்கிடாக்கி கரகரத்தது. "மேடம், ஸ்க்ரீன்ல சிவப்பு வருது. பட்டை கழண்டிருக்கா?" என்றான் நிரஞ்சன் அடிவாரத்திலிருந்து.

"கழட்டிட்டேன்."

"கழட்டக் கூடாது மேடம்."

"ஏன்?"

"அது..."

"டெக்னிக்கலா?" என்று கேட்டுவிட்டு, மூச்சு போதாததால் மிச்சத் திட்டைப் பிறகுக்கு வைத்துக்கொண்டாள்.

மறுநாள் மூன்றாம் முகாமிலிருந்து நான்காம் முகாமுக்கு அவள் பட்டையில்லாமல், சொந்தக் காலில் ஏறினாள். ஏறினாள் என்பதே கொஞ்சம் உபசார வார்த்தை. ஓர் அடி வைப்பாள், நிற்பாள், குலதெய்வத்தைக் கூப்பிடுவாள், பிராணவாயு முகமூடிக்குள் லக்பாவைத் திட்டுவாள், அடுத்த அடி வைப்பாள். பின்னால் வந்த குழுக்களெல்லாம் தாண்டிப் போய்விட்டன. வெளிச்சம் மங்கும் நேரத்தில் கூடாரத்தைத் தொட்டபோது கண்ணீர் மூக்கில் உறைந்திருந்தது. முட்டி அவளுடையது, மூச்சு அவளுடையது, அந்தத் தள்ளாட்டமும் அவளுடையது. வாழ்க்கையில் அத்தனை சந்தோஷமாக அவள் இருந்ததேயில்லை.

இதற்குமேல் ஓர் அடிகூட முடியாது என்பதும் அவளுக்குத் தெரிந்தது. உச்சி அதோ நிற்கிறது. நாளைக்கு நல்ல வானிலை. நாளை மறுநாள் காற்று கிளம்பிவிடும் என்றார்கள்.

லக்பா சிவப்புப் பட்டையைப் பைக்குள்ளிருந்து எடுத்து நீட்டினான். "ஒரு நாள்தானுங்க மேடம். கட்டிக்குங்க. நான் தாங்கிக்குவேன். இத்தன தூரம் வந்துட்டுத் திரும்பாதீங்க."

அவன் மனசாரத்தான் சொன்னான். அதுதான் பெரிய சோதனை. கை நீண்டுவிட்டது. பட்டையைத் தொட்டும்விட்டாள். மேலே போய் நின்று ஊருக்குப் போன் போடுவதுவரை மனம் ஓடிவிட்டது. அப்போது லக்பா எழுந்து நிற்க இடது கையைத் தொடையில் ஊன்றினான். அவள் பட்டை கட்டாமலிருந்தும் ஊன்றினான். முட்டி அதற்குள் அவனிடம் தங்கிவிட்டிருந்தது.

பூங்கொடி பட்டையைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள். "உன்ற நீலப் பட்டைய நான் கட்டி, இத நீ கட்டிக்கிட்டா என்ன ஆகும்?"

லக்பா தன் நீலப் பட்டையைத் தொட்டுப் பார்த்தான். "அப்படி யாரும் பண்ணுனதில்லைங்களே."

"நாம பண்ணலாம். நீ போ. உன்ற களைப்ப இங்க அனுப்பு. நான் படுத்துக்கிட்டே பட்டுக்கறேன்."

"எதுக்குங்க மேடம்? மேல போகோணும்னு நீங்கதான வந்தீங்க."

"வந்தாச்சு சாமி. என்ற உச்சி இந்தக் கூடாரந்தான், என்ற காலுலயே வந்துட்டேன். இனி அங்க பாக்காத ஆளு நீதான். முப்பது வருசம் அடுத்தவிய வண்டிக்குக் கிளட்ச் மிதிச்சவ நான். எனக்கு ஒண்ணும் ஆகாது. ஒண்ணு மட்டும். மேடம் மேடம்னு கூப்பிடறத விடு."

லக்பா பட்டையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். "சரிங்கக்கா," என்றான்.

லக்பாவின் மச்சினன் தாவா அதே முகாமில் இருந்தான். பெரிய மீசைக்காரன், பேச்சு குறைவு. அவளுக்குத் துணையாக அவனை உட்கார வைத்துவிட்டு, விடிவதற்கு முன்னமே லக்பா கிளம்பினான். சிவப்புப் பட்டை கட்டி நாலு எட்டு வைத்தவன் நின்று, தன் கால்களைக் குனிந்து பார்த்தான். பிறகு துள்ளிக்கொண்டு போனான்.

உறங்கும் பைக்குள் படுத்திருந்த பூங்கொடிக்கு மூச்சு இரைக்க ஆரம்பித்தது. தொடை எரிந்தது. வலது கணுக்காலில் பழைய சுளுக்கு ஒன்று குடைந்தது. இவன் எப்போதோ எங்கோ விழுந்து வாரியிருக்கிறான் என்று தெரிந்துகொண்டாள். செங்குத்து வந்தால் தெரிந்தது, சமதளம் வந்தால் தெரிந்தது. "ஃபர்ஸ்ட்டு கியர்லயே போ, அவசரப்படாத," என்று கூடாரத்து உச்சியைப் பார்த்துச் சொன்னாள். தாவா புரியாமல் டீ ஊற்றிக் கொடுத்தான்.

சூரியன் வந்த பிறகு வலது கால் விரல்களில் ஊசி குத்தியது. பிறகு எரிந்தது. பிறகு ஒன்றுமே இல்லை. பூங்கொடி பைக்குள் கைவிட்டுத் தன் விரல்களைத் தடவிப் பார்த்தாள். இட்லிபோல் வெதுவெதுப்பாக இருந்தன. உடனே தாவாவின் கையிலிருந்து வாக்கிடாக்கியைப் பிடுங்கினாள்.

"லக்பா, நில்லு. உன்ற வலது கால் விரல் மரத்துப் போச்சு."

"நல்லாத்தானுங்க இருக்குது. ஒண்ணுமே தெரியல."

"உனக்குத் தெரியாது சாமி, எனக்குத்தான் தெரியும். ஷூக் கயித்தத் தளத்து. சூட்டுப் பொட்டலத்த உள்ள வெச்சுக் கால வீசி உதறு. விரல் திரும்பி வந்தா மேல, இல்லீன்னா கீழ."

"உச்சி இங்கயே இருக்குதுங்கக்கா. கைக்கெட்டற தூரமுங்க."

"பிரேக்க மிதிச்சா வண்டி நிக்கோணும். நில்லு."

அவன் நின்றான். நின்று உதறினான். இங்கே பூங்கொடி விரல்களையே நினைத்துக்கொண்டு கிடந்தாள். ஒன்றும் வரவில்லை. அவனைத் திருப்பிவிட வேண்டியதுதான், பாவிப்பயல் இந்தத் தடவையும் பார்க்கப் போவதில்லை என்று வாக்கிடாக்கியை வாயருகே கொண்டுபோனாள். அப்போது விரல்களில் தேள் கொட்டியதுபோல் ஒரு வலி வந்தது. "வந்துருச்சு, வந்துருச்சு," என்று கத்திச் சிரித்தாள். வலி வந்ததற்கு இப்படிச் சிரிக்கிற பெண்ணைத் தாவா அதுவரை பார்த்ததில்லை.

கொஞ்ச நேரம் கழித்து லக்பாவின் குரல் வந்தது. மூச்சு வாங்காத குரல்.

"அக்கா, எங்கூரு ஏரி தெரியுதுங்க. பொட்டு மாதிரி இருக்குது. இந்தப் பக்கம் பூரா மலைங்க. இத்தன மலை இருக்குதுன்னு எனக்கு யாருமே சொல்லலைங்க." கொஞ்சம் நிறுத்தினான். "நானே ஏறிட்டனுங்கக்கா."

பூங்கொடி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இரைத்தாள். கண்ணில் நீர் முட்டியது. "ஆமாங்கண்ணு," என்றாள். "நீதான் ஏறின."

அவன் இறங்குகிற வழியாக இல்லை. கடைசியில் அவளே சொல்ல வேண்டியதாயிற்று. "தம்பி, பாத்தது போதும், எறங்கு. இங்க எனக்கு மூச்சு முட்டுது."

அடிவார முகாமுக்கு அவர்கள் வந்து சேர்ந்தபோது நிரஞ்சன் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான். நிறுவனத்தின் கருவி ஆளின் பெயரை நாடித்துடிப்பில் கண்டுகொள்ளும், ஆனால் வாடிக்கையாளரா வழிகாட்டியா என்பதைப் பட்டையின் நிறத்தை வைத்துத்தான் முடிவுசெய்யும். சிவப்புப் பட்டை வாடிக்கையாளர், நீலப் பட்டை வழிகாட்டி. வாடிக்கையாளர் லக்பா உச்சியைத் தொட்டார் என்று உலகம் முழுவதும் அதுவே வாழ்த்து அனுப்பிவிட்டது. உச்சி தொட்ட வாடிக்கையாளருக்குக் கேக் செய்வது முகாம் வழக்கம். ஃபூர்பா திரையைப் பார்த்து லக்பா என்று பெயரெழுதிக் கேக் செய்துவிட்டார். செய்துவிட்டு, வெள்ளை விரிப்புக் கூடாரத்தில் லக்பாவை உட்கார வைத்து ஒரு கிண்ணம் பாஸ்தாவையும் முன்னால் வைத்தார். அவர் சிரிப்பை அடக்கிய அழகைப் பார்த்திருக்க வேண்டும்.

வழிகாட்டி பூங்கொடிக்குச் சமையல் கூடாரம். பெஞ்சில் இருந்த ஆறு பேரும் நெருங்கி உட்கார்ந்து இடம் விட்டார்கள். அவள் உட்கார்ந்தாள். ஃபூர்பா சோறு போட்டுப் பருப்பு ஊற்றினார். அவள் கையால் பிசைந்து முதல் உருண்டையை வாயில் போட்டபோதுதான் நிரஞ்சன் தலையை நீட்டினான்.

"மேடம், இன்னொரு சிக்கல். வாடிக்கையாளரோட கால் விரலைக் காப்பாத்தினீங்கன்னு சிஸ்டம் உங்களுக்கு அஞ்சு நட்சத்திரம் போட்டிருக்கு. அடுத்த சீசனுக்கு ஒருத்தர் உங்களை புக் பண்ணிட்டார்."

"ஆரு?"

"ஒரு ஜெர்மன்காரர். ரெண்டாவது தடவை வர்றார். முதுகு மட்டும் கொஞ்சம்..."

பக்கத்துக் கூடாரத்தில் லக்பாவுக்குப் புரையேறியது.

"கேன்சல் பண்ணிடட்டுமா?"

பூங்கொடி சோற்றை மென்று விழுங்கினாள். "நான் வர்றது இருக்கட்டும். அந்தாளுகிட்ட முதல்ல ஒண்ணு சொல்லுங்க. களைப்பு பெட்டிக்குப் போகுதுன்னு சொல்லாதீங்க. ஆருகிட்டப் போகுதோ அவிய பேரச் சொல்லுங்க. எல்லார்த்துகிட்டயும் சொல்லுங்க."

"சொன்னா யாரும் ஏற மாட்டாங்க மேடம்."

"ஏறுவாங்க. கொஞ்சம் மெதுவா ஏறுவாங்க. சீக்கிரமாத் திரும்புவாங்க. அதுல ஆருக்கு என்ன நட்டம்?"

பெஞ்சில் இருந்தவர்களுக்கு லக்பா அதை அவர்கள் பாஷையில் சொன்னான். எப்போது வந்தான் என்று யாரும் பார்க்கவில்லை. ஒரு கையில் கேக்கோடு கூடாரத்து வாசலில் நின்றிருந்தான். யாரும் சிரிக்கவில்லை. ஃபூர்பா கரண்டியைக் கீழே வைத்தார். அவரும் அந்த ஆறு பேரும் நிரஞ்சனைப் பார்த்தார்கள். அவன் அந்த ஏழு முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "சரி, சொல்லிடறேன்," என்றான்.

"நகருங்கக்கா," என்று லக்பா பெஞ்சில் நுழைந்து உட்கார்ந்தான். கேக்கை ஒன்பதாக வெட்டப் போனார்கள். நிரஞ்சனுக்கும் ஒன்று சேர்த்துப் பத்தாக வெட்டச் சொன்னாள் பூங்கொடி.

தின்று முடித்துக் கைகழுவ எழுந்தபோது இருவரும் ஒரே நேரத்தில் "அம்மா" என்றார்கள். அவன் இடது முட்டியைப் பிடித்திருந்தான். அவள் வலது கணுக்காலைப் பிடித்திருந்தாள்.